ஏட்டையா வீட்டு வைஃபை

பூட்டு விஷயத்தில் சிவனணைந்தபெருமாளை யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது. குத்துக்கல்வலசை தெற்குத் தெருவில் அவர் வீட்டு வாசல் கேட்டுக்கு ஒரு பூட்டு, கிரில்லுக்கு ஒரு பூட்டு, தேக்குக் கதவுக்கு ஒரு பூட்டு. போதாதென்று பின்கதவுக்குக் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை. முப்பத்து நான்கு வருஷம் போலீசில் இருந்து ஏட்டாக ஓய்வு பெற்றவர். முழுப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் பாதிப் பேர் முழிப்பார்கள். ஏட்டையா வீடு என்றால் பச்சைப்பிள்ளையும் கை காட்டும். படுக்கப் போகுமுன் மூன்று பூட்டையும் இழுத்துப் பார்ப்பார். படுத்தபிறகு ஒரு சந்தேகம் வரும். எழுந்து போய் மறுபடியும் இழுத்துப் பார்ப்பார்.

இப்பேர்ப்பட்ட மனுஷன் வீட்டு வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டவர்களுக்கெல்லாம் வாரிக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்றால் யார் நம்புவார்கள்? கொடுத்தார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவருக்குக் கொடுத்தார். பால்காரருக்குக் கொடுத்தார். எதிர்வீட்டில் பெயின்ட் அடிக்க வந்த நான்கு பேரையும் கூப்பிட்டுக் கொடுத்தார். அவரைப் பொறுத்தவரை அது தண்ணீர் மாதிரி. அவர் மனைவி கோமதியம்மாள் இருந்த காலத்தில் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே ஒரு குழாய் போடச் சொன்னாள். பஞ்சாயத்துத் தண்ணீர் வராத நாளில் தெருவே குடத்தோடு அங்கேதான் நிற்கும். பிடித்து முடித்தவர்கள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து கோமதியம்மாளிடம் அரைமணி நேரம் பேசிவிட்டுப் போவார்கள்.

அவள் போய் மூன்று வருஷமாகிறது. இப்போது தண்ணீரைப் பிடித்ததும் போய்விடுகிறார்கள். பாஸ்வேர்டு கேட்கிறவர்கள்தான் கேட்டருகே நின்று "ஏட்டையா" என்று கூப்பிடுகிறார்கள். அந்தக் கூப்பாட்டுக்காகத்தான் கொடுத்தார் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும், உண்மை அதுதான்.

வீட்டில் மூன்று பேர். மகன் சுடலைமணி சி.ஆர்.பி.எஃப். வேலையில் காஷ்மீரில் இருந்தான். இங்கே ஏட்டையாவும் மருமகள் அனுசியாவும் எல்.கே.ஜி. போகிற பேத்தி சத்யபிரியாவும். அனுசியா சுரண்டைக்காரி. சென்னையில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளிலிருந்து நோயாளிகளின் குறிப்புகள் வரும். அவற்றைப் படித்து, இன்ன நோய்க்கு இன்ன எண், இன்ன வைத்தியத்துக்கு இன்ன எண் என்று இன்சூரன்சுக்காகப் பதிந்து அனுப்ப வேண்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பாள். ஓர் எண் தப்பினால் சென்னையிலிருந்து கேள்வி வரும்.

பக்கத்து வீட்டுக் குழல்வாய்மொழி ஒருநாள் குழாயடியில் நின்று கேட்டாள்.

"அண்ணாச்சி, மருமவ வேலைக்கு ஒண்ணும் போவலியா?"

"எங்க போறா. வீட்லதான் இருக்கா" என்றார் ஏட்டையா.

முன்னறை ஜன்னல் திறந்துதான் இருந்தது. உள்ளே விசைப்பலகைச் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது. அவருக்கு அது காதில் விழவில்லை. மனசில் கெட்ட எண்ணமும் இல்லை. பேன்ட் சட்டை மாட்டிக்கொண்டு, பஸ் பிடித்து, தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ போனால்தான் அவருக்கு அது வேலை.

ஆடி பிறந்த வாரத்தில் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. வேறெங்கோ ஒருத்தர் வீட்டு வைஃபை வழியாக நோயாளிகளின் குறிப்பு வெளியே போய்விட்டதாம். அதனால் வீட்டிலிருந்து வேலை பார்க்கிற ஒவ்வொருவர் வீட்டு நெட்வொர்க்கையும் வீடியோவில் சோதிக்கப்போகிறார்கள். பாஸ்வேர்டு வெளியாளுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. வீட்டு ஆட்களின் போன் தவிர வேறொன்றும் அதில் ஒட்டியிருக்கக் கூடாது. தேறாதவர்கள் ஒன்றாம் தேதி முதல் சென்னை ஆபீசுக்கு வர வேண்டும். அனுசியாவுக்குக் குறித்திருந்தது செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி. அன்றுதான் ஊரில் முப்பிடாதியம்மன் கோவில் கொடைத் திருவிழா. நாள் மாற்றிக் கேட்டுப் பார்த்தாள், முடியாது என்றுவிட்டார்கள்.

"தேறலேன்னா என்னம்மா செய்யணும்?" என்று கேட்டார் ஏட்டையா.

"பிரியாவ கூட்டிக்கிட்டு மெட்ராசுக்குத்தான் போவணும் மாமா. வேலைய விட்டா வீட்டுக்கடன் கட்ட அவுக சம்பளம் மட்டும் பத்தாது."

ஏட்டையா பேத்தியைப் பார்த்தார். சத்யபிரியா கூடத்தில் அவருடைய பழைய தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நாற்காலிக்குச் சல்யூட் அடித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளையும் போய்விட்டால், மூன்று பூட்டையும் இழுத்துப் பார்த்து யாரைக் காப்பாற்றப்போகிறோம் என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுசியா ஸ்டூல் போட்டு ஏறி, ஃப்ரிட்ஜ் மேலிருந்த ரூட்டரை இறக்கினாள். போன வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன் நெற்றியில் காய்ந்து ஒட்டியிருந்தது. அதை அழிக்காமல் தூசியை மட்டும் துடைத்துத் தன் அறையில் வைத்து, மடிக்கணினியைத் திறந்தாள். ஏட்டையா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பூட்டு என்றதும் அவருக்கும் ஆசை வந்துவிட்டது.

"இந்தப் பெட்டிக்கு ரெண்டு பூட்டு மாமா. ஒண்ணு வைஃபைக்கு. அந்தச் சாவிதான் தெருவுக்கே தெரியுமே. இன்னொண்ணு, பெட்டிக்குள்ள போயி எதை வேணும்னாலும் மாத்துறதுக்கு. அது செஞ்சு வரும்போதே எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாவி."

ஏட்டையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியா? எந்த மடையன் செஞ்சான்?"

"வாங்குன உடனே மாத்திக்கிடுங்கன்னு புஸ்தகத்துல எழுதித்தான் இருக்கான். நாம பிரிச்சே பாக்கல."

அதை மாற்றினாள். பெட்டியின் முதுகில் ஒரு சின்னப் பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் பாஸ்வேர்டே இல்லாமல் ஒரு போன் உள்ளே வந்துவிடலாமாம். அதையும் உள்ளே போய் அணைத்தாள்.

"அதை எதுக்கு வச்சிருக்கான்?"

"ஒரு சௌரியத்துக்கு."

"யாருக்கு, களவாணிக்கா?"

அனுசியா சிரித்துவிட்டாள். வெகுநாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது. நெட்வொர்க்கின் பெயரைப் பார்த்து இது யார் வீடு என்று தெரியாமல் இருப்பது நல்லது என்று அவள் சொன்னபோது மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. பெயரில்லாமல் கிடக்க இது என்ன அநாதை வீடா என்றார். சரி என்று 'ஏட்டையா' என்றே போட்டாள். கடைசியாக வைஃபைக்குப் புதுப் பாஸ்வேர்டு. கோமதி என்ற பெயரும் 1147 என்ற எண்ணும். 1147 அவருடைய போலீஸ் நம்பர். தன் பிறந்தநாளை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்.

"உங்களுக்கு ஞாபகம் இருக்கணும்லா, அதான் இது. யாருட்டயும் சொல்லிராதிய மாமா."

"எத்தனை கேசு ரகசியத்த இந்த வயித்துக்குள்ள வச்சிருந்தவன் நான். எங்கிட்டயா சொல்லுத" என்றார் ஏட்டையா.

ஒருநாள் தாங்கினார். அதைச் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை காலையில் பால்காரர் நெட் வரவில்லையே என்று கேட்டதற்கு, ரிப்பேர் என்று வாய் கூசாமல் பொய் சொன்னார். சாயந்திரம் வந்தான் நல்லதம்பி.

நல்லதம்பி கொடைக் கமிட்டித் தலைவர். ஏட்டையாவுக்குத் தம்பி முறை. குற்றாலத்திலிருந்து தீர்த்தம் வருவதிலிருந்து சாமியாட்டம் வரை எல்லாவற்றையும் போனில் நேரலையாகக் காட்டப் போகிறோம் என்றான். பம்பாயிலும் துபாயிலும் பட்டாளத்திலும் இருக்கிற நம் ஆட்கள் பார்க்க வேண்டுமே. கோவிலில் சிக்னல் விட்டு விட்டு வருகிறது. ஏட்டையா வீடு கோவிலுக்கு அடுத்தாற்போல்தான் இருக்கிறது.

"வேற யாருட்ட போயி நிப்பேன், சொல்லுங்க. சுடலைமணியும் அங்கன இருந்து பாப்பாம்லா" என்றான்.

பிடித்த இடத்தில் பிடித்தான். அம்மன் காரியம், போதாததற்கு மகன் பெயர் வேறு. ஏட்டையா உள்ளே பார்த்தார். முன்னறைக் கதவு சாத்தியிருந்தது. ஒரே ஒரு போன், ஒரே ஒரு நாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று தோன்றத்தான் செய்தது. கேட்கவில்லை. நம் வீட்டு விஷயத்தில் நாம் யாரைக் கேட்க வேண்டும் என்ற வீம்பு.

ஒரு துண்டுத் தாளை எடுத்தார். போலீஸ் பழக்கம் ஒன்று அவரை விட்டுப் போகவில்லை. மளிகைச் சீட்டானாலும் சரி, மேலே பெயர், பதவி, விலாசம் எழுதி, கீழே தேதி போட்டுக் கையெழுத்து வைத்தால்தான் அவருக்கு அது தாள். இதிலும் அப்படியே எழுதினார். சிவனணைந்தபெருமாள், ஏட்டு ஓய்வு, தெற்குத் தெரு. நடுவில் வைஃபை என்று போட்டுப் பாஸ்வேர்டு. கீழே கையெழுத்து.

"ஏலே நல்லதம்பி, ஒன்னோட போச்சு. வேற ஈ காக்காய்க்குத் தெரியக்கூடாது."

"அம்மன் மேல சத்தியம்" என்றான் அவன். சத்தியத்தை அவன் மீறவும் இல்லை. மறுநாள் காலையில் போனில் பாஸ்வேர்டைப் போட்டுவிட்டு, அந்தத் தாளைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்தான். அதே பையில்தான் கொடைக்கு உபயம் கொடுத்தவர்களின் சீட்டுகளும் இருந்தன.

செவ்வாய்க்கிழமை மதியக் கொடை. சாரல் ஒரு தூறல் போட்டு நிற்பதும் வெயில் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தது. மேளம் உச்சத்தில் ஏறி, சாமியாடி கையில் வேப்பங்குலையோடு ஆடிக்கொண்டிருந்தார். ஏட்டையா வெள்ளைச் சட்டையும் நெற்றி நிறையத் திருநீறுமாக முன்வரிசையில் நின்றார். மேளம் சற்று ஓய்ந்த இடைவெளியில் மைக்செட் நாசர், நல்லதம்பி பையிலிருந்து அள்ளிக் கொடுத்த உபயச் சீட்டுகளை எடுத்தார். தென்காசியிலிருந்து வருகிற நாசர் இருபது வருஷமாக இந்தக் கொடைக்கு மைக் கட்டுகிறவர். கொடுத்த சீட்டு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்தாக வேண்டும். ஒரு தடவையோடு விட்டால், தன் பேரை அமுக்கிவிட்டதாகச் சண்டைக்கு வருவார்கள்.

"சண்முகத்தாய் குடும்பத்தார் உபயம், எலுமிச்சை மாலை" என்றார் நாசர். இரண்டாம் தடவையும் சொன்னார். அடுத்த சீட்டை எடுத்தார்.

"தெற்குத் தெரு, ஓய்வுபெற்ற ஏட்டையா சிவனணைந்தபெருமாள் அவர்கள் உபயம்."

ஏட்டையா நிமிர்ந்து நின்றார். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லையே என்று அவர் யோசிப்பதற்குள் நாசர் மேலே போய்விட்டார்.

"வைஃபை. பாஸ்வேர்டு, பெரிய ஜி, ஓ, எம், ஏ, டி, ஹெச், ஐ. ஒண்ணு, ஒண்ணு, நாலு, ஏழு. அம்மன் அருளால அவுக குடும்பம் நல்லா இருக்கணும். இன்னொரு தடவ வாசிக்குதேன்."

எழுத்தெழுத்தாகச் சொன்னபோது அவருக்கு உறைக்கவில்லை. ஒண்ணு ஒண்ணு நாலு ஏழு என்றபோதுதான் உறைத்தது. பனைமரத்தில் கட்டியிருந்த நான்கு கூம்பு ஒலிபெருக்கியும் செத்துப்போன மனைவியின் பெயரையும் அவர் நம்பரையும் வயல் தாண்டி ரோடு வரைக்கும் கூவின. கூட்டத்தில் போன் வைத்திருந்தவர்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஏட்டையா நல்ல மனுஷன், கொடைக்கு வந்தவனுக்கெல்லாம் நெட் உபயம் பண்ணியிருக்கிறார் என்று யாரோ வாயாரச் சொன்னதும் கேட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. மணி ஒன்று பத்து.

முட்டிவலியைப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினார். அனுசியா முன்னறையில் மடிக்கணினி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கொடைக்காக இரண்டு மணி வரை லீவு போட்டிருந்ததால் கம்பெனி மடிக்கணினி மூடியே இருந்தது. இது அவளுடைய சொந்தக் கணினி. ரூட்டரில் யார் யார் ஒட்டியிருக்கிறார்கள் என்ற பட்டியல் அதில் ஓடிக்கொண்டிருந்தது.

"அம்பத்தேழு மாமா. இன்னும் ஏறுது" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"உள்ள பூந்து எதையும் மாத்திருவானுவளா?"

"முடியாது. பெட்டிச் சாவிய ஞாயித்துக்கெழமையே மாத்திட்டோம்லா. அது மட்டும் பழசா இருந்தா, எவனாவது உள்ள வந்து நம்மளயே வெளிய தள்ளிப் பூட்டிருப்பான்." மணியைப் பார்த்தாள். "வைஃபை பாஸ்வேர்ட மாத்துனா எல்லாரும் போயிருவாவ. ஆனா நேரலையும் நின்னுரும். சாமி ஆடிக்கிட்டு இருக்கு. ஊர் சும்மா விடாது மாமா. உங்க மவனும் பாத்துக்கிட்டு இருக்காவ."

ஏட்டையா கேட்டை, கிரில்லை, தேக்குக் கதவை எல்லாம் பார்த்தார். மூன்றிலும் பூட்டு தொங்கத்தான் செய்தது.

"மாத்து" என்றார். "ஊர நான் பாத்துக்கிடுதேன்."

அவள் மாற்றினாள். ஐம்பத்தேழு என்பது ஒரே நொடியில் ஒன்றானது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, ஏட்டையாவின் போனில் மகனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'அப்பா, சாமி தெரியலியே. என்னாச்சு?' அவர் பதில் போடுவதற்குள் ஒலிபெருக்கியில் நாசரின் குரல் கேட்டது. "ஏட்டையா எங்கிருந்தாலும் உடனே மைக் இருக்குற எடத்துக்கு வரவும். உங்க வீட்டு நெட் நின்னு போச்சு."

எத்தனையோ கூட்டத்தைத் தடி எடுத்து விரட்டியவருக்கு அந்த நூறு அடி நடக்கக் கால் வரவில்லை. நல்லதம்பி முகம் சிவந்து நின்றான். அம்மனுக்குக் கொடுத்ததைப் பாதியில் பிடுங்கலாமா என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்டான். துபாயிலிருந்து போன் மேல் போன் வருகிறது என்றான் இன்னொருத்தன். ஏட்டையா நாசர் கையிலிருந்து மைக்கை வாங்கினார். மைக்கில் பேசி அவருக்குப் பழக்கமில்லை. அதை வாக்கி டாக்கி மாதிரி வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார்.

"நாசர் மேலயும் தப்பில்ல, நல்லதம்பி மேலயும் தப்பில்ல. சீட்டு எழுதுனது நான்" என்றார். "என் மருமவ அந்த நெட்டுலதான் வேலை பாக்குதா. எங்கயோ ஆஸ்பத்திரில படுத்திருக்கவுக சமாசாரமெல்லாம் அவ கைவழியா போவுது. அது வெளிய போவக்கூடாது. அவ வேலை பாக்குற எடத்துச் சாவிய, அவகிட்ட ஒரு வார்த்த கேக்காம நான் தூக்கி ஊருக்குக் குடுத்துட்டேன். குடுக்குறதுக்கு அது என்னுது இல்ல. ரெண்டு மணிக்கு மெட்ராஸ்ல இருந்து சோதன பண்ணுதாங்க. இப்ப அடைக்கலேன்னா அவ பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஊர விட்டுப் போவணும். அதான் அடைச்சுட்டோம். அம்மன் என்ன தண்டன குடுத்தாலும் எனக்குக் குடுக்கட்டும்."

பெண்கள் பக்கத்திலிருந்து குழல்வாய்மொழி, "அந்தப் பிள்ள அம்புட்டுப் பெரிய வேலையா பாக்குது?" என்று யாரிடமோ கேட்டாள்.

"வந்துட்டு" என்றான் நல்லதம்பி திடீரென்று. போனைத் தூக்கிக் காட்டினான். "ஏட்டையா, நெட் வந்துட்டு. சாமி தெரியுது."

ஏட்டையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பயந்துபோய்ப் பழையபடியே மாற்றிவிட்டாளோ என்று நினைத்தார். மைக்கை நாசர் கையில் திணித்துவிட்டு மறுபடி வீட்டுக்கு ஓடினார்.

"நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னேம்லாம்மா, எதுக்குத் திருப்பிக் குடுத்த?"

"திருப்பிக் குடுக்கல மாமா. இது வேற." அனுசியா அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். ரூட்டரில் விருந்தாளிகளுக்கென்று தனியாக ஒரு நெட்வொர்க் உண்டு. அதைத் திறந்து, அதற்கு ஏட்டையா என்ற பழைய பெயரையும் நாசர் வாசித்த அதே பாஸ்வேர்டையும் போட்டிருந்தாள். அதனால் நல்லதம்பியின் போன் தானாகவே அதில் ஒட்டிக்கொண்டது. வீட்டு நெட்வொர்க்குக்கு வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு.

"அத்தை போட்ட வெளிக்குழாய் மாதிரி மாமா. தெருவுல உள்ளவுக அங்கன வந்து தண்ணி பிடிப்பாவ. நம்ம அடுப்படிக்குள்ள வர முடியாது. கொடை முடியுற மட்டும் கெடக்கட்டும். நாளைக்கு வேற பாஸ்வேர்டு போடுவோம். கேட்டு வாறவுகளுக்கு நீங்களே பாத்துக் குடுங்க."

ஏட்டையாவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எத்தனை படம் போட்டுச் சொன்னாலும் இவ்வளவு விளங்கியிருக்காது.

"ஒலிபெருக்கியில கேட்டுச்சு மாமா, நீங்க பேசுனது" என்றாள் அனுசியா. கண் கலங்கியிருந்தது. "உள்ள போட்டிருக்க புதுப் பாஸ்வேர்டு வந்து…"

"சொல்லாத" என்றார் ஏட்டையா. "எங்கிட்ட சொல்லவே செய்யாத. என் போனையும் வெளிக்குழாய்ல மாட்டிவிடு."

"இது உங்க வீடு மாமா."

"அதுக்கென்ன. எனக்குத் தெரிஞ்சா நான் குடுத்துருவேன். என்னைய எனக்குத் தெரியும்" என்றார்.

இரண்டு மணிக்குச் சென்னையிலிருந்து ஹஸீபா என்ற அதிகாரி வீடியோவில் வந்தாள். முப்பத்தைந்து வயசிருக்கும், சிரிக்காத முகம். அனுசியா ரூட்டரின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். ஏட்டையா கதவுக்கு வெளியே, கூண்டில் சாட்சி சொல்ல நிற்கிறவர் மாதிரி நின்றார். உள்ளே சத்யபிரியா போய்விடாதபடிக்கு அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்வேர்டு இன்னைக்கு ஒண்ணு இருபதுக்கு மாத்தினதா காட்டுதே. ஆடிட்டுக்காகக் கடைசி நிமிஷத்துல மாத்தினீங்களா?" என்று கேட்டாள் ஹஸீபா.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்திருக்கலாம். அனுசியா ஒன்றுவிடாமல் நடந்ததைச் சொன்னாள். கொடை, சீட்டு, மைக், ஐம்பத்தேழு போன், வெளியாட்களுக்கென்று இப்போது தனியாகத் திறந்த நெட்வொர்க். மாமனார் பெயரைச் சொல்லாமல், எங்கள் வீட்டில் நடந்த தவறு என்று மட்டும் சொன்னாள். அந்த நேரம் கம்பெனி மடிக்கணினி மூடியிருந்ததற்கும் கணக்குக் காட்டினாள்.

ஹஸீபா நெடுநேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"வெளிய போனது ஒண்ணு பத்து. அடைச்சது ஒண்ணு இருபது" என்றாள் கடைசியில். "பத்து நிமிஷம். எங்க ஆபீஸ்ல இதே மாதிரி நடந்தப்போ கண்டுபிடிக்கவே மூணு நாள் ஆச்சு. நடந்ததை எழுதி எனக்கு அனுப்புங்க. புதுப் பாஸ்வேர்டு வீட்ல யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான் மேடம்."

"கதவுக்கு வெளிய நிக்கிறாரே, உங்க மாமனாரா? அவருக்கு?"

"அவருக்கும் தெரியாது."

"வீட்டுக்குள்ள இருக்கவங்ககிட்ட சொல்லலாம், அனுசியா. அதுக்கு அனுமதி உண்டு."

"சொல்ல வந்தேன் மேடம். அவர் வேண்டாம்னுட்டாங்க."

ஹஸீபா முதல் தடவையாகச் சிரித்தாள். வீட்டிலிருந்தே தொடரலாம் என்று எழுதி அனுப்பியதை அனுசியா திரையில் பார்த்து, திரும்பிக் கதவுப் பக்கம் தலையசைத்தாள். ஏட்டையா சத்யபிரியாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். அங்கே போய் ஏன் அழுதார் என்று பிள்ளைக்குத் தெரியவில்லை. சாமி பார்க்கப் போகலாமா தாத்தா என்று கேட்டது. போகலாம் என்றார்.

கோவிலுக்குப் போய்வந்து, ஒரு நோட்டை எடுத்து ஸ்கேலால் கோடு கிழித்தார். வரிசை எண், பெயர், விலாசம், பாஸ்வேர்டு கேட்ட நாள், கையெழுத்து. நாளையிலிருந்து எவனானாலும் இதில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வெளிக்குழாயில் பிடிக்க முடியும். பழைய உத்தியோகம் திரும்பி வந்ததுபோல அவருக்கு ஒரு தெம்பு.

ஐந்தரை மணிக்குக் குழல்வாய்மொழி கொடைப் பொங்கலை வாழையிலையில் மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தே விட்டாள். அங்கிருந்தபடியே, "அனுசியா" என்று குரல் கொடுத்தாள். ஏட்டையா உதட்டில் விரலை வைத்து அவளை நிறுத்தினார்.

"எங்க அண்ணாச்சி, ஆளக் காணும்?"

முன்னறைக் கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் திறந்துதான் இருந்தது.

"ஆபீஸ்ல இருக்கா" என்றார் ஏட்டையா. "ஆறு மணிக்குத்தான் விடுவாக. அதுவரைக்கும் உக்காரு, காப்பி போடுதேன்."

உள்ளே விசைப்பலகைச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது.